பின்பையில் ஒரு மடக்குக் கத்தி

எங்கள் தெருவில் மின் வயரிங் வேலை செய்யும் ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லாரும் அவரை 'ஒயர்மேன் அண்ணன்' என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய கால்சட்டையின் வலது பின்பையில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். ஒயரின் மேலுறையைச் சீவுவதற்கும், மரச் சட்டத்தைச் செதுக்குவதற்கும், எங்கள் பென்சிலைச் சீவித் தருவதற்கும், மாங்காய் நறுக்குவதற்கும் அந்த ஒரே கத்திதான். வெளி வேலை இல்லாத நாட்களில் கடையில் ஒரு மர முக்காலியில் உட்கார்ந்து, மின்விசிறி மோட்டார்களுக்குக் காயில் சுற்றுவார். நாளுக்கு நான்கைந்து மணி நேரம் அப்படி உட்கார்ந்திருப்பார்.

ஒரு கோடை விடுமுறையின்போது அவருடைய வலது கால் மரத்துப்போகத் தொடங்கியது. புட்டத்தில் ஆரம்பித்துத் தொடையின் பின்புறம் வழியாகக் கெண்டைக்கால் வரை ஒரு எரிச்சல். வாயு என்றாள் என் பாட்டி. ஏணியிலிருந்து எப்போதோ விழுந்திருப்பார் என்றார்கள் சிலர். எண்ணெய் தேய்த்தார், வெந்நீர் ஒற்றடம் கொடுத்தார், பயனில்லை. கடைசியில் மருத்துவரிடம் போனார். முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். குறை எதுவும் தெரியவில்லை. அப்போது அந்த மருத்துவர், "கொஞ்சம் திரும்பி நில்லுங்கள்" என்றார். திரும்பி நின்றார். பின்பையின் துணியில், குறுக்காக, ஒரு கத்தியின் உருவம் வெளுத்துப் பதிந்திருந்தது!

"இதை எத்தனை வருஷமாக இங்கே வைத்திருக்கிறீர்கள்?"

"பதினோரு வருஷம் ஆகிறது டாக்டர். கால்சட்டைதான் மாறும், கத்தி மாறாது."

ஒரு சிறு கத்தி, அதுவும் மடக்கி வைத்த கத்தி, ஒரு மனிதரின் காலை எப்படி மரத்துப்போகச் செய்யும்? இதைப் புரிந்துகொள்ள நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலே ஏறக்குறையப் போதும். தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது வேலைக்காகக் கத்தி வைத்திருக்கும் பெரியவர்களைப் பற்றிய கட்டுரை. பள்ளிக்கூடத்துக்குக் கத்தி வரக்கூடாது. விமானப் பயணத்தில் கைப்பெட்டியிலும் சட்டைப் பையிலும் அதை விடமாட்டார்கள். கீழே வரும் சோதனைகளை எல்லாம் ஒரு மரத்துண்டை வைத்தே செய்யலாம்.

உட்காரும்போது என்ன நடக்கிறது?

அழுத்தம் என்பது ஓர் அலகுப் பரப்பின் மேல் செயல்படும் விசை என்று படித்திருக்கிறீர்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் நாற்காலியில் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கால்கள் தரையில் ஊன்றியிருப்பதால் எடையில் ஒரு பங்கைத் தரை தாங்கிக்கொள்ளும். மீதி சுமார் 45 கிலோ இருக்கையின் மேல் இறங்குகிறது. இருக்கையைத் தொடும் பரப்பை 900 சதுர செ.மீ. என்று கொள்ளுங்கள். சராசரி அழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.05 கிலோ எடை. ஒன்றும் அதிகமில்லை.

இப்போது ஒரு பக்கத்தின் கீழே 9 செ.மீ. நீளமும் 2 செ.மீ. அகலமும் உள்ள மடக்கிய கத்தியை வையுங்கள். அதன் பரப்பு 18 சதுர செ.மீ. தசை மெத்தை போன்றது. கத்தியைச் சுற்றி அமுங்கிக் கொடுக்கும். எனவே முழு எடையும் கத்தியின் மேல் விழாது. 9 கிலோ மட்டும் விழுகிறது என்று வைத்தாலும், 9-ஐ 18-ஆல் வகுத்தால் 0.5 வருகிறது. அதாவது பத்து மடங்கு! எடை கூடவில்லை, ஆள் மாறவில்லை. பரப்பு சுருங்கியதுதான் காரணம்.

இந்த 0.5 என்பது உடலுக்குப் பெரிய எண்ணா? நம் தோலிலும் தசையிலும் மயிரிழையைவிட நுண்ணிய தந்துகிக் குழாய்களில் இரத்தம் ஓடுகிறது. அவற்றில் இரத்தத்தின் அழுத்தம் மிகக் குறைவு. இதயத்தின் பக்கத்திலிருந்து இரத்தம் நுழையும் முனையில்கூடப் பாதரசமானியில் 30 மி.மீ. அளவுதான். நம் கணக்குக்கு மாற்றினால் சதுர செ.மீ.க்குச் சுமார் 0.04 கிலோ எடை. சாதாரணமாக உட்கார்ந்தாலே 0.05 வந்துவிடுகிறது, பாருங்கள். நீண்ட நேரம் உட்காரும்போது நாம் அறியாமலே இப்படியும் அப்படியும் அசைகிறோமே, அது இதனால்தான். வகுப்பில் நெளிகிறவனை ஆசிரியர் அதட்டலாம். ஆனால் அவன் தன் தந்துகிகளுக்கு வழி விட்டுக்கொண்டிருக்கிறான்! காயில் சுற்றுகிறவரால் அப்படி நெளிய முடியாது. சுற்றின் எண்ணிக்கை தப்பிவிடும்.

தோலையும் தசையையும்விட அங்கே முக்கியமான ஒன்று இருக்கிறது. நம் உடலிலேயே மிகத் தடித்த நரம்பு சியாட்டிக் நரம்பு. புறப்படும் இடத்தில் இதன் அகலம் ஏறத்தாழ 2 செ.மீ. இருக்கும். நரம்பு என்றதும் நூல் போல நினைத்துவிடாதீர்கள். இது உங்கள் சுண்டுவிரலைவிடக் குறைந்ததல்ல. முதுகெலும்பின் அடியிலிருந்து வரும் வேர்கள் ஒன்றுசேர்ந்து உருவாகும் இது, இடுப்பெலும்பின் ஒரு பெரிய பள்ளம் வழியாக வெளியே வந்து, புட்டத்தின் பெரிய தசைக்கு அடியில் இறங்கித் தொடையின் பின்புறமாகப் போகிறது. முழங்காலுக்குக் கீழே உள்ள தசைகள் எல்லாம் இதன் கிளைகளிடம்தான் ஆணை பெறுகின்றன. பின்பை எங்கே தைக்கப்பட்டிருக்கிறது என்று இப்போது உங்கள் கால்சட்டையைத் தொட்டுப் பாருங்கள். நரம்பு போகும் பாதைக்கு நேர் மேலே!

இந்தத் தொல்லையை மருத்துவர்கள் வேறொரு பொருளால் கண்டுகொண்டார்கள். 1978-ல் லுட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர், பின்பையில் கடன் அட்டைகள் திணித்த தடித்த பணப்பையை வைத்து உட்காருவதால் வரும் கால்வலியைப் பற்றி அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினார். அங்கே அது பணப்பை, இங்கே கத்தி. உள்ளே இருப்பது தோலா எஃகா என்று நரம்புக்குத் தெரியாது. தடிப்பு மட்டும்தான் தெரியும்.

இன்னொரு கேடும் உண்டு. உட்காரும்போது நம் எடையைப் பெரும்பாலும் தாங்குபவை இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முடிச்சுகள். கெட்டியான பலகையின் மேல் உட்கார்ந்து, உள்ளங்கையை அடியில் கொடுத்துப் பார்த்தால் அவை கையில் தட்டுப்படும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் கீழே 1.5 செ.மீ. தடிப்புள்ள பொருளை வைத்தால் சாய்வு 1.5/12, அதாவது எட்டில் ஒன்று. டேன்ஜென்ட் அட்டவணையில் பாருங்கள்: 7 டிகிரி. இடுப்பு 7 டிகிரி சாய்ந்தால் தலையும் சாய வேண்டும் அல்லவா? ஆனால் நம் கண்கள் கிடைமட்டமாக இருக்கவே விரும்பும். எனவே முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைந்து, சாய்வைச் சரிக்கட்டித் தலையை நிமிர்த்துகிறது. அந்த வளைவைப் பிடித்து வைத்திருக்க முதுகின் ஒரு பக்கத் தசைகள் மணிக்கணக்கில் இறுகியே இருக்க வேண்டும்.

இதை நீங்களே பார்க்கலாம். ஒரு பலகையில் நிமிர்ந்து உட்காருங்கள். நண்பனை உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு தூக்குக் குண்டைத் தொங்கவிடச் சொல்லுங்கள். ஒரு நூலில் கல் கட்டினால் தூக்குக் குண்டு தயார். பிறகு ஒரு பக்கத்தின் கீழே நோட்டுப் புத்தகம் ஒன்றை வைத்து உட்காருங்கள். முதுகுத்தண்டின் கோடு நூலைவிட்டு எங்கே விலகுகிறது, எங்கே திரும்பச் சேருகிறது என்று நண்பன் சொல்லுவான்.

நட்டமாக வைத்தது ஏன் படுத்துக்கொள்கிறது?

அண்ணனின் பையில் தடம் குறுக்காக இருந்தது என்று சொன்னேன். அவர் கத்தியைப் பையில் போடும்போது நட்டமாகத்தான் போடுவார். பிறகு அது ஏன் படுத்தது?

நட்டமாக நிற்கும் பொருளின் ஈர்ப்பு மையம் உயரத்தில் இருக்கிறது. படுத்தால் தாழ்கிறது. 9 செ.மீ. நீளமுள்ள கத்தி நிற்கும்போது அதன் ஈர்ப்பு மையம் பையின் அடியிலிருந்து ஏறத்தாழ 4.5 செ.மீ. உயரத்தில் இருக்கும், படுத்தபின் ஒரு செ.மீ. அளவுக்கு வந்துவிடும். நிலை ஆற்றல் குறைந்த இடத்துக்குப் போகவே எப்பொருளும் முயலும். நிற்கும் கத்தியைத் துணியின் உராய்வு சற்று நேரம் பிடித்து வைக்கிறது. ஆனால் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் ஒரு குலுக்கல், உராய்வின் பிடி ஒரு கணம் தளருகிறது. பொரி அளக்கும்போது படியைத் தட்டினால் பொரி அடங்குகிறதே, அதேபோலத்தான். ஆயிரம் அடி நடப்பதற்குள் கத்தி பையின் அடியில் நன்றாகப் படுத்துவிடும். உட்காரும்போது பையின் அடிப்பகுதிதானே இருக்கைக்கும் உடலுக்கும் நடுவே சிக்குகிறது!

ஒரு துணிப்பையில் 9 செ.மீ. நீள மரத்துண்டை நட்டமாக வைத்து, பையைத் தொடையருகே பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். எத்தனை அடியில் படுக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு மரத்துண்டின் பக்கத்தில் மடித்த கைக்குட்டை ஒன்றைச் செருகிவிட்டு நடங்கள். படுக்க இடமில்லாததால் துண்டு நின்றுகொண்டே இருக்கும்.

அப்படியானால் வழி என்ன என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். கத்தியைப் பையின் வெளி ஓரத்தில், பக்கத் தையலை ஒட்டி, நட்டமாக நிறுத்த வேண்டும். அந்த இடம் புட்டத்தின் பக்கவாட்டில் இருப்பதால் உட்கார்ந்தாலும் அதன்மேல் அதிக எடை இறங்காது. நிறுத்துவதற்குப் பலர் பல வழி கண்டிருக்கிறார்கள். 1981-ல் அமெரிக்காவின் ஸ்பைடர்கோ என்ற நிறுவனம், பேனாவில் இருப்பதுபோன்ற ஒரு கிளிப்பை மடக்குக் கத்தியில் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. கிளிப் ஒரு வில்தகடுதான். பையின் விளிம்புத் துணியை அது கத்தியோடு சேர்த்து அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் உராய்வு கூடும். கத்தி மேலிருந்து தொங்குகிறது. தொங்கும் பொருளுக்கு நட்டமான நிலையே உறுதிச் சமநிலை. பையின் அடியில் நிற்க வைத்ததற்கு நேர்மாறு.

நம் ஊர்ப் பனையேறிகள் இந்தச் சிக்கலை வெகு காலத்துக்கு முன்பே தீர்த்துவிட்டவர்கள். பாளை சீவும் அரிவாளை இடுப்பில் கட்டிய ஒரு பெட்டியில் செருகிக்கொண்டுதான் மரமேறுவார்கள். பெட்டியின் வாய் மேல்நோக்கி இருக்கும். கருவி புரளாது, உடம்பைத் தொடாது. கால்சட்டையின் பின்பை அந்தப் பெட்டியளவுக்கு யோசித்துச் செய்யப்பட்டது அல்ல என்பது என் கருத்து.

முன்பை ஏன் கூடாது என்று கேட்பீர்கள். நீளப் பொருளை முன்பையில் வைத்துக்கொண்டு குனிந்து பாருங்கள். தொடையும் வயிறும் மடியும் கோட்டின் குறுக்கே அது நின்று குத்தும்.

மடங்கியது மடங்கியே இருக்குமா?

வசதியைப் பற்றி இவ்வளவு பேசினோம். அதைவிடப் பெரிய கேள்வி, கத்தி பைக்குள் தானாகத் திறந்துகொள்ளுமா என்பது. எனக்கு இந்தப் பாடம் எட்டாம் வகுப்பு விடுமுறையில் கிடைத்தது. திருவிழாக் கடையில் வாங்கிய மலிவுக் கத்தி ஒன்றைப் பின்பையில் போட்டுக்கொண்டு மிதிவண்டி ஓட்டினேன். இறங்கிக் கையை விட்டபோது நடுவிரலின் நுனி கிழிந்தது. கத்தி பாதி திறந்திருந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது.

நல்ல மடக்குக் கத்தியின் முதுகில் ஒரு எஃகு வில்தகடு இருக்கும். அலகின் அடிக்கட்டை, ஆணியைச் சுற்றிச் சுழலும் இடத்தில், உருண்டையாக இல்லாமல் சதுரமாக வெட்டப்பட்டிருக்கும். மூடியிருக்கும்போது சதுரத்தின் ஒரு தட்டையான பக்கத்தின்மேல் வில் படிந்திருக்கிறது. திறக்க வேண்டுமானால் சதுரத்தின் மூலை வில்லைத் தூக்க வேண்டும். அதற்கு ஆற்றல் தேவை. மூலை தாண்டியதும் வில் அடுத்த பக்கத்தில் 'டக்' என்று படிகிறது. அந்த ஓசை உங்களுக்குத் தெரியும். குழிக்குள் கிடக்கும் கோலிக்குண்டை மேடு தாண்டி அடுத்த குழிக்குத் தள்ளுவதும் இதுவும் ஒன்றே. வில் 15 கிலோ விசையோடு ஆணியிலிருந்து அரை செ.மீ. தூரத்தில் அழுத்துகிறது என்றும், நகம் வைத்து இழுக்கும் பள்ளம் 5 செ.மீ. தூரத்தில் இருக்கிறது என்றும் கொள்ளுங்கள். நெம்புகோல் விதிப்படி நகத்துக்கு 1.5 கிலோ விசை போதும். கைக்கு இது எளிது. பைக்குள் ஏற்படும் சிறு குலுக்கல்களுக்கு இது எட்டாது. என்னுடைய திருவிழாக் கத்தியில் வில்லே கிடையாது. ஆணியின் இறுக்கம் ஒன்றுதான். அது தளர்ந்ததும் அலகு கதவு போல ஆடியது.

வில் இல்லாவிட்டால் கெட்ட கத்தி என்று சொல்லிவிடவும் முடியாது. ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட்டில் கி.மு. ஆறாம் நூற்றாண்டை ஒட்டிய மடக்குக் கத்தி கிடைத்திருக்கிறது. எலும்புக் கைப்பிடி கொண்டது. ஜப்பானில் மிக்கி என்ற ஊரில் 1890-களிலிருந்து செய்யப்படும் ஹிகோனோகாமி கத்தியிலும் வில் இல்லை. அலகின் அடியில் நீண்டிருக்கும் ஒரு சிறு வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெட்ட வேண்டும். ஜப்பானியப் பள்ளிச் சிறுவர்கள் இரண்டு தலைமுறைகள் அதில்தான் பென்சில் சீவினார்கள். 1960-க்குப் பிறகு சிறுவர் கையில் கத்தி கூடாது என்ற இயக்கம் எழுந்தது. பென்சில் சீவும் இயந்திரம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்சனர் வில்லைச் சிக்கனப்படுத்தியவர். 1897-ல் அவர் உரிமம் பெற்ற அதிகாரிக் கத்தியில், ஒரே வில் தன் இரு பக்கக் கருவிகளையும் பிடித்துக்கொள்ளும். வில்லின் எண்ணிக்கை குறைந்ததால் தடிப்பும் எடையும் குறைந்தன. 7 டிகிரிக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மில்லிமீட்டரும் முதுகெலும்பில் போய்ச் சேருகிறது.

எனக்குப் பிடித்தது பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியான சவோயில் 1890-ல் ஜோசப் ஒப்பினெல் செய்த உழவர் கத்தி. பீச் மரத்தில் கடைந்த உருண்டைக் கைப்பிடி. கூர் மூலை எதுவும் இல்லை. எட்டாம் எண் கத்தியின் எடை ஏறத்தாழ 45 கிராம்தான். வில்லுக்குப் பதில், 1955-ல் கழுத்தில் சுழலும் ஓர் உலோக வளையத்தைச் சேர்த்தார்கள். வளையத்தைத் திருப்பினால் திறந்த அலகு விரலின்மேல் மடங்காது. 2000-லிருந்து மூடிய நிலையிலும் பூட்டிக்கொள்ளும்படி அதைத் திருத்திவிட்டார்கள். பையில் வைப்பவருக்கு இந்த இரண்டாவது பூட்டுதான் பெரிய உதவி. மரப்பிடிக்கு ஒரு குறை உண்டு: ஈரம் பட்டால் மரம் உப்பி, அலகு திறக்கவே வராது. சவோய்க்காரர்கள் பிடியின் அடிப்பக்கத்தை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். அலகு தன் நிலைமத்தால் சற்று வெளியே வரும். பிறகு விரலால் இழுக்கலாம்.

பூட்டு இல்லாத கத்தியானால், வைக்கும் பக்கமே ஒரு பூட்டு. அலகு திறக்கும்போது அதன் முதுகு முன்னே வருகிறது. ஆகவே அலகின் முதுகு பையின் பக்கத் தையலைப் பார்க்கும்படி செருகினால், தையல் தடுப்புச் சுவராக நிற்கும். கத்தியால் திறக்க முடியாது.

பின்பை வியர்வையில் நனையும் இடம் என்பதையும் மறக்கக் கூடாது. வியர்வை உப்பு நீர். இரும்பு துருப்பிடிக்க இதைவிட வசதியான இடம் கிடையாது. 1913-ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருக்கிய, சுமார் 13 சதவீதம் குரோமியம் கலந்த எஃகில் இந்தத் தொல்லை குறைவு. குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய ஆக்சைடு ஏட்டை மேற்பரப்பில் விரித்துக் காக்கிறது. சாதாரண எஃகானால் மாலையில் துடைத்து, ஆணியருகே ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும்.

ஒயர்மேன் அண்ணனிடம் திரும்புவோம். மருத்துவர் அவருக்கு மாத்திரை அதிகம் எழுதவில்லை. உட்காரும்போதெல்லாம் கத்தியை எடுத்து மேசைமேல் வைக்கச் சொன்னார். அண்ணன் இரண்டு நாள் வைத்தார். மூன்றாம் நாள் கத்தியைக் காணாமல் கடை முழுவதும் தேடினார். பிறகு எங்கள் தெருத் தையற்காரரிடம் போனார். தையற்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, பின்பையின் வெளி ஓரத்தில் மூன்று விரல் அகலம் விட்டு, மேலிருந்து கீழாக ஒரு தையல் போட்டார். அந்தக் குறுகிய அறையின் அடியில் நான்கு விரல் உயரத்தில் குறுக்கே இன்னொரு தையல். முதல் தையலால் கத்தி படுக்க முடியாது. இரண்டாம் தையலால் அது இருக்கைக்கு மேலேயே நிற்கும். தலையும் பையின் வாய்க்கருகில் இருப்பதால் இரண்டு விரலால் எடுத்துவிடலாம். இயற்பியல் படிக்காத மனிதர்! அரை மணி நேர வேலைக்குக் காசுகூட வாங்கவில்லை.

மரப்பு போக ஏழெட்டு வாரம் ஆயிற்று. காயில் சுற்றும்போது மட்டும் மணிக்கு ஒருமுறை எழுந்து, வாசல் வரை நடந்துவிட்டு வந்து உட்காருவார். மறு ஆண்டு கோடையில் அவர் எங்கள் வீட்டில் ஏணிமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது நான் கீழேயிருந்து பார்த்தேன். பின்பைத் துணியில் வெளுத்த தடம் மறுபடியும் இருந்தது. இந்த முறை நட்டமாக, தையலோரமாக.